உபரி ஆண்

சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு பெரும்பாலும் இருபாலுயிரி. துணையின்றித் தன் விந்தாலேயே கருவுற்று ஏறக்குறைய 300 சந்ததிகளைப் பெறும். ஆண், ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். எக்ஸ் குரோமோசோம் பிரிவதில் நேரும் பிசகால் பிறப்பது. வீண்செலவைத் தேடும் என் தொழிற்கண்ணுக்கு, முதலில் நீக்கவேண்டியது அந்த ஆணைத்தான்.

2011இல் லெவி மோரனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. செராஷியா என்ற கொல்லும் பாக்டீரியாவைப் புழுக்களோடு சேர்ந்து பரிணமிக்க விட்டார்கள். தானே கருவுற மட்டும் முடிந்த கூட்டங்கள் 20 தலைமுறைக்குள் அழிந்தன. ஆணோடு கலந்தவை தப்பின.

ஆட்குறைப்புப் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே 'உபரி' என்று எழுதுகிறோம். புழுவுக்கு முன்யோசனை இல்லை, பிசகு காத்தது. யோசிக்கத் தெரிந்த நமக்கு அந்தச் சாக்கு இல்லை. நோயற்ற நாளின் கணக்கைக் கொண்டு ஒருவரை வேண்டாதவர் என்பது அநீதி.