இடம் தேடுவோனின் மௌனம்

கடை திறக்க எண்ணுபவன் சரக்கைத் தேடுமுன் இடத்தைத் தேடுகிறான். அவ்வழியே எத்தனை பேர் கடக்கிறார்கள், பேருந்து எங்கே நிற்கிறது, பக்கத்துக் கடை கூட்டத்தை ஈர்க்குமா பறிக்குமா என்று நாட்கணக்கில் நின்று எண்ணுகிறான். இது நேர்மையான உழைப்பே. ஆனால் அவ்வுழைப்பால் பெற்ற அறிவை, நிலத்தை விற்பவரிடம் சொல்ல அவன் கடமைப்பட்டவனா?

அமெரிக்காவில் 1962இல் முதல் வால்மார்ட் கடையைத் திறந்த சாம் வால்டன், சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச் சிற்றூர்களின் மேல் தாழப் பறப்பார். ஊர் எத்திசையில் வளர்கிறது, வாகனங்கள் எங்கே திரள்கின்றன என்று நோக்குவார். இடம் பிடித்துவிட்டால் தரையிறங்கி, உரிமையாளர் யாரென விசாரித்து, அப்போதே பேரம் பேச முனைவார். 1992இல் வெளிவந்த தம் வரலாற்றில் இதை அவரே சொல்லியிருக்கிறார். மேலிருந்து அவர் கண்டதை, அம்மண்ணிலேயே உழுது வாழ்ந்தவர் காணாதிருந்திருக்கலாம்.

இவ்வினா பழையது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வணிகன் வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவதை அவன் அறிவான். சொன்னால் விலை சரியும். சொல்லத்தான் வேண்டும் என்ற பக்கமே கி.மு. 44இல் சிசரோ நின்றார். புனித தோமா அக்குவினாஸோ, சொல்லாமல் நடப்பு விலைக்கு விற்பது நீதிக்கு மாறன்று, ஆனால் சொல்வது மேலான புண்ணியம் என்றார்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வணிகன் மறைப்பது பிறருடைய கப்பல்களை. கடைக்காரன் மறைப்பது தன் எண்ணத்தை. அவன் வருவதாலேயே நிலத்தின் விலை ஏறப்போகிறது. அவ்வேற்றத்தில் அவனுக்கும் பங்குண்டு. முழுப்பங்கும் அவனுடையதன்று. நெடுஞ்சாலையைப் போட்டது மக்களின் வரிப்பணம். ஊரை வளர்த்தவர்கள் ஊரார். ஆகவே, கேளாதவரிடம் தன் திட்டத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் அவருடைய அறியாமையைக் கணக்கிட்டு அடிமாட்டு விலை பேசுவது தகாது என்பது என் எண்ணம்.

கேட்டுவிட்டால்? 1815இல் நியூ ஆர்லியன்சில், போர் முடிந்த செய்தியை முந்தி அறிந்த ஒருவர் புகையிலை வாங்கினார். விலையைக் கூட்டும் செய்தி ஏதும் உண்டா என்று விற்பவர் தரப்பில் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. 1817இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாங்குபவர் தாமாகச் சொல்லக் கடமையில்லை, ஆனால் சொல்லாலோ செயலாலோ ஏமாற்றக் கூடாது என்றது. அங்கே ஏமாற்று நிகழ்ந்ததா என்பதைச் சான்றாயர்களே தீர்மானிக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இன்று இச்சங்கடத்திற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். வாங்குபவர் வருவதில்லை, தரகர் வருகிறார். “இங்கே என்னய்யா கட்டப்போகிறீர்கள்?” என்று நிலக்காரர் கேட்டால், “எனக்குத் தெரியாதுங்க” என்கிறார். அவர் சொல்வது உண்மை. அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவரை நோக்கித்தான் அந்தக் கேள்வி எழுந்தது.