பலர் ஏற்ற பொறுப்பு

ஒருவரைக் காக்கும் கடமையைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது அக்கடமை பெருகுகின்றதா, தேய்கின்றதா? பிரித்தானியாவில் அறிவுசார் குறைபாடுடையோருக்கு ஆற்றப்படும் பணிகளை நோக்கும்போது இக்கேள்வி நம்முள் எழுகின்றது.

கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் இத்தகையோர் கொடுமைக்குள்ளானதை 1969-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. அவர்கள் பெரிய மருத்துவமனைகளினின்று நீங்கி ஊர் நடுவே வாழ வேண்டுமென 1971-இல் அரசின் வெள்ளை அறிக்கை வழிகாட்டிற்று. பின்னர் பல்துறையினர் அடங்கிய சமூகக் குழுக்கள் தோன்றின. இதற்கெனவே தனிப்பயிற்சி பெற்ற செவிலியர், மனநல மருத்துவர், உளவியலார், சமூகப் பணியாளர் முதலியோர் அவற்றில் இடம்பெறுகின்றனர்.

பணிகளைப் பிரிப்பதில் தவறில்லை. உணவு புரையேறுமா என்று ஆராய்பவர் பேச்சுப் பயிற்சியாளர், (பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் உழைப்பவை பெரும்பாலும் ஒரே தசைகளே.) உண்பவரை நிமிர்ந்து அமரச் செய்யும் வழியறிந்தவர் இயன்முறை மருத்துவர். ஒரு கவளம் இடரின்றி உள்ளே செல்ல இருவரும் வேண்டும். ஒருவரே எல்லாம் அறிந்தவராய் நடிப்பதைவிட இது நேர்மையானது.

ஆயினும், 'அது என் துறையன்று' என்னும் சொல் அடக்கத்திலிருந்தும் பிறக்கலாம். தட்டிக்கழிக்கும் மனத்திலிருந்தும் பிறக்கலாம். கேட்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. நல்ல சமாரியரும் காயமுற்றவரைப் பிறரிடம் ஒப்படைத்தவரே. சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துத் தம் வழியே சென்றார். இதனை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் திரும்பி வருவதாகவும், மேற்கொண்டு ஆகும் செலவைத் தாமே தருவதாகவும் அவர் சொல்லிச் சென்றார். ஒப்படைத்தபின்னும் அம்மனிதர் அவருடைய பொறுப்பாகவே இருந்தார். குழுக்களில் ஓர் அலுவலர் மற்றோர் அலுவலருக்கு எழுதும் பரிந்துரைக் கடிதம் எத்தனை முறை இந்த வாக்குறுதியோடு செல்கின்றது?

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலிருந்த சிகிச்சைப் பிரிவொன்றில், வலிப்பு நோயுடைய 18 வயது இளைஞர் குளியல் தொட்டியில் தனித்திருக்கையில் மூழ்கி இறந்தார். நோய் அறியப்படாததன்று, பயிற்சி பெற்றோர் இல்லாத இடமும் அன்று. பராமரிப்பில் நேர்ந்த புறக்கணிப்பும் அச்சாவுக்குக் காரணமென 2015-இல் மரண விசாரணை நடுவர்கள் முடிவு கூறினர். வலிப்பைக் குறித்துக் குடும்பத்தாரோடு போதிய அளவு பேசாததையும் அவர்கள் குறையாகக் கண்டனர்.

மகனின் முகவாட்டத்தைக் கொண்டே வலிப்பு வருவதை உணரும் தாய்க்குக் குழுவில் பதவிப் பெயரில்லை. குழுவினர் கூடிப் பேசும் நாளில் அவருக்கும் ஒரு நாற்காலி போடப்படுகின்றதா, அவர் சொன்னதைக் குறித்துவைப்பவர் யார், குறித்தபின் இரவுப்பணிக்கு வருபவரிடம் அதனைச் சொல்பவர் யார் என்றே நாம் முதலில் கேட்போம்.