45 என்று எழுதியவனே, எழுந்திரு!

52-ல் 17 போனால் எவ்வளவு?

நீ 45 என்று எழுதினாய். வகுப்பே சிரித்தது. மக்கு என்றார்கள். நீயும் நம்பிவிட்டாய். ஏன் நம்பினாய்?

அந்த 45-ஐ யாராவது உற்றுப் பார்த்தார்களா?

2-ல் 7 போகாது. அதனால் 7-ல் 2-ஐக் கழித்து 5 போட்டாய். 5-ல் 1 போக 4. கடன் வாங்கிக் கழிக்க உனக்குப் பிடிபடவில்லை. ஆனால் உன் தப்புக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது! அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நீதான் இன்னும் அவர்களிடம் போகவில்லை.

'எனக்குக் கணக்கு வராது சார்.'

நிறுத்து! இதைச் சோதித்துச் சொன்னது யார்? ராங்க் கார்டா? பக்கத்து வீட்டு மாமாவா?

வராது என்கிறாயே, எது வராது? நூற்றேழு என்றால் 1007 என்று கை எழுதிவிடுகிறதா? 8-உடன் 5-ஐக் கூட்ட இன்னமும் பெஞ்சுக்கடியில் விரல் மடக்குகிறாயா? கடைக்காரர் கொடுத்த மீதியை எண்ணிப் பார்க்காமலே சட்டைப் பையில் போடுகிறாயா? ராத்திரி ஒப்பித்த ஏழாம் வாய்ப்பாடு விடிந்ததும் காணாமல் போகிறதா?

அதற்கு ஒரு பெயர் இருக்கலாம். டிஸ்கால்குலியா, எண்களில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு.

1974-லேயே லாடிஸ்லாவ் கோஷ்ச் என்ற செக்கோஸ்லோவாக்கிய உளவியலாளர் இதை வரையறுத்து எழுதிவிட்டார். 100 பிள்ளைகளில் 3 முதல் 7 பேருக்கு இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. அப்படியானால் 40 பேர் உட்கார்ந்த உன் வகுப்பில் நீ மட்டும்தானா? உன் பின்பெஞ்சிலும் ஒருத்தி விரல் மடக்கிக்கொண்டிருக்கலாம்!

'டெஸ்ட் எடுத்தால் பைத்தியம் என்பார்களே?'

அந்த டெஸ்டில் என்ன நடக்கிறது என்று ஒரு முறையாவது கேட்டாயா?

முதலில் கண்ணையும் காதையும் பார்ப்பார்கள். கரும்பலகையே தெரியாமல் நீ தடுமாறியிருக்கலாமே! மூன்றாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் பள்ளிக்குப் போகாமல் இருந்தாயா என்று கேட்பார்கள். அறிவுத்திறன் சோதனை தனியாக நடக்கும். மந்தபுத்தியா என்ற உன் பயத்துக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

பிறகுதான் கணக்கு. சில சோதனைகளில் திரையில் புள்ளிகள் வரும். எத்தனை என்று சொல்ல வேண்டும். பெரிதாக எழுதிய 3, பொடியாக எழுதிய 8. எது பெரிய எண்? சரியாகச் சொன்னாயா என்பதோடு எவ்வளவு நேரம் எடுத்தாய் என்றும் பார்ப்பார்கள். நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, எந்தப் படியில் உன் கால் இடறுகிறது என்று தேடுகிறார்கள்.

இதற்கா பயந்தாய்?

நான் 20 வருஷம் கணக்கு வாத்தியார். ஒரு பையனை வாய்ப்பாடு சொல்லாததற்காக வெயிலில் முட்டி போட வைத்தேன். கேரம் ஆடும்போது காய் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று சொல்லிவைத்து அடிப்பான் அவன். எனக்கு அன்று இந்தக் குறைபாட்டின் பெயர்கூடத் தெரியாது. தெரியாதது என் தப்பு. வெயில் அவனுக்கு!

உனக்கு அந்த வெயில் வேண்டாம். கிளம்பு!

'இன்னொரு டியூஷன் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா.' எத்தனை டியூஷன் மாற்றினாய்? 6 மாதமாவது முறையாகச் சொல்லிக்கொடுத்தும் அசையாத சிக்கலைத்தான் நிபுணர்கள் கற்றல் குறைபாடு என்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொல். அவர் கோபப்படுவார். மறுநாளும் சொல்!

சட்டம் உன் பக்கம் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதில் டிஸ்கால்குலியாவின் பெயர் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதல் 8 வயதிலிருந்து சான்றிதழ் வாங்கலாம் என்றது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றது. சான்றிதழை வைத்துப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். கேட்பது பிச்சையா? உன் பங்கு!

ஆனால் ஒன்று. சான்றிதழைத் தலைக்கு வைத்துத் தூங்கினாய் என்றால் நானே வந்து எழுப்புவேன்!

சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புளியங்கொட்டை எண்ணு. பத்துப் பத்தாகக் குவி. ஒரு குவியலை உடைத்துப் பார். கடன் வாங்குவது என்றால் என்னவென்று கண்ணுக்கே தெரியும். பத்தாம் வகுப்பில் புளியங்கொட்டையா என்று சிரிப்பார்களா? சிரிக்கட்டும். நீ எண்ணிக்கொண்டே இரு! நூறு தரம் தப்பும். நூற்றோராவது தரமும் தப்பலாம். கொட்டையைக் கீழே கொட்டாதே!

இன்று ராத்திரி ஒரு வேலை செய். பழைய கணக்கு நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கு. சிவப்பு மையைப் பார்த்துக் கூசாதே. ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்காதே. அந்த 45 இருக்கும் பக்கத்தின் ஓரத்தை மடித்து வை.

சோதிக்கப்போகும் இடத்தில் முதலில் அதைத்தான் காட்டப் போகிறாய்.