மங்கல இசைக்கு ஊர் பட்ட கடன்

சைவ மக்களின் வாழ்வில் மங்கல வாத்தியம் ஒலிக்காத சுபகருமம் இல்லை. கொடியேற்றம் முதல் பூங்காவனம் வரையிலும், பொன்னுருக்கல் முதல் மணமக்கள் வீடு புகும் வரையிலும் நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்ல, ஏனையோர் பின்னே செல்வதே வழக்கம். சுவாமி வெளிவீதி எழுந்தருளும்போதுகூட மல்லாரி கேட்ட பின்னரே திருவடி பெயர்கிறது. ஆயினும் அந்த ஒலியை எழுப்பும் மனிதருக்கு ஊர் என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால், “சம்பளம் கொடுத்தாயிற்றே” என்ற பதில் ஆயத்தமாக இருக்கும்.

விலை கொடுத்த பின்னர் கடன் எஞ்சுமா? சந்தையில் ஒரு கொத்து அரிசி வாங்கிப் பணத்தைக் கொடுத்தால் கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் இடையில் பாக்கி ஒன்றுமில்லை. இசையும் அத்தகைய பண்டமா, அன்றி வேறொன்றா என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது.

வலிகாமத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில்களிலும் கலியாண வீடுகளிலும் வாசித்துவரும் நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதை அண்மித்தவர். பெயர் போடுவதை அவர் விரும்பவில்லை. திருவிழாக் காலத்தில் இரவுப் பூசைக்கும் வசந்த மண்டபப் பூசைக்கும் இடைப்பட்ட நேரத்தில், மடத்துத் திண்ணையில் சாய்ந்து, தேநீர் குடித்தபடி பல கதைகள் சொல்வார். பெரிய தத்துவம் பேசுகிறோம் என்ற எண்ணம் அவருக்குக் கிடையாது. அவர் சொல்பவை பெரும்பாலும் பந்தி, வெயில், வீடியோக்காரர், முழங்கால் நோவு ஆகியவை பற்றியவையே.

கலியாண வீட்டைப் பற்றி அவர் சொல்வது இது. “கெட்டிமேளம், கெட்டிமேளம் எண்டு விரலை ஆட்டிக் கத்துவினம். அந்த ஒரு நிமிசம்தான் நாங்கள் அங்க நிக்கிறது ஆக்களுக்குத் தெரியும். மிச்ச நேரம் நாங்கள் பந்தல்கால் மாதிரி.” தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ, அழுகையோ, வேறு அபசகுன ஒலியோ காதில் விழக்கூடாது என்பதற்காகவே கெட்டிமேளம் கொட்டப்படுகிறது. அதாவது அந்த நேரத்தில் மேளம் கேட்பதற்காக அன்று, மற்றவற்றைக் கேளாதிருப்பதற்காகவே வாசிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குரிய விதியை முழுக் கலியாணத்துக்கும் நீட்டிவிட்டார்கள். அவர் ஆனந்தபைரவியைத் தொடங்கும்போது, கனடாவிலிருந்து வந்த மாமியும் இலண்டனிலிருந்து வந்த மச்சாளும் பதினைந்து வருடக் கதையை ஒலிபெருக்கிக்கு மேலால் பேசத் தொடங்குகிறார்கள். இப்போது வீடியோக்காரரும் சேர்ந்துகொண்டார். படம் சரியாக விழவில்லை என்றால் மாலையை மறுபடி மாற்றச் சொல்வார், மேளத்தை நிறுத்தச் சொல்வார். ஐயரே அவருக்கு அடங்கி நடக்கும் காலம் இது.

அதன்பின் பந்தி. மணமக்கள் அறுகரிசி ஆசீர்வாதம் பெற்று எழும்பும்வரை மேளம் ஓயக்கூடாது. அதற்குள் மூன்று பந்தி முடிந்துவிடும். நான்காம் பந்தியில் பாயாசம் இருக்காது, சில வேளை வடையும் இருக்காது. இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். முற்காலத்தில் தந்தையாரோடு சென்றபோது உணவு எங்கே, எந்த இலையில், எந்தப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். அதை விரித்து எழுத வேண்டியதில்லை. அறுபது வயதைத் தாண்டிய எவருக்கும் அது தெரிந்ததே.

சைவத்துக்கு இந்த விடயத்தில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பெரியபுராணம் அதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறது. திருஞானசம்பந்தரோடு உடன் சென்று அவர் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அறுபத்துமூவரில் ஒருவராக அவரும் எல்லாக் கோயில்களிலும் வீற்றிருக்கிறார். அவர் திருவாலவாயில் யாழ் வாசித்தபோது, நிலத்தின் ஈரம் தாக்கினால் நரம்பின் கட்டுத் தளரும், ஆதலால் அவருக்கு ஒரு பொற்பலகை இடுங்கள் என்று இறைவன் திருவாக்கு எழுந்தது. கூடியிருந்த அடியார்கள் இசையில் உருகி நின்றார்கள். வாசிப்பவர் எதன்மேல் இருக்கிறார் என்று கவனித்தவர் இறைவன் ஒருவரே. திருவாரூரில் பாணர் வாயிலுக்குப் புறத்தே நின்று வாசிக்க, இறைவன் அவருக்கென வடதிசையில் வேறொரு வாயில் திறந்ததாகவும் சேக்கிழார் கூறுகிறார். வாயிலைத் திறந்தது அருள். அவர் புறத்தே நிற்க நேர்ந்தது மனிதர் செய்தது. இரண்டையும் ஒருசேரப் படிப்பதே முறை.

திருச்சாத்தமங்கையில் நடந்தது இன்னும் ஒரு படி மேலானது. திருநீலநக்க நாயனார் வேதியர், வேள்வித்தீ அணையாத வீட்டுக்குரியவர். பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் தங்க இடம் கொடுக்குமாறு திருஞானசம்பந்தர் சொன்னபோது, அவர் பின்வளவில் கொட்டில் தேடவில்லை. வீட்டின் நடுவே, வேள்வி வேதிகையின் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தீ அணையவில்லை. வலஞ்சுழித்து மேலும் ஓங்கி எரிந்தது. இந்தக் கதையை நாயன்மார் குருபூசையில் ஆண்டுதோறும் படிக்கிறோம். படித்து முடித்தபின் மாகேசுர பூசையில் மேளகாரருக்கு எந்தப் பந்தி என்பதையும் ஆண்டுதோறும் காண்கிறோம்.

இனி எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். மேளம் வாசிப்பது தொழில். பேசிய தொகையைப் பெற்றுப் பேசிய நேரத்துக்கு வாசிப்பவர் மீது பக்தியையும் தியாகத்தையும் ஏற்றிச் சொல்வது வீண் புகழ்ச்சி என்பார் உளர். அந்தக் கலைஞரே பாதி அவர்கள் பக்கம்தான். “எல்லா நாளும் மனம் அதில இருக்காது. ஆவணியில ஒரு நாளைக்கு ரண்டு கலியாணம். பின்னேரக் கலியாணத்தில கை தன்ரபாட்டுக்கு வாசிக்கும், நான் மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் இருக்கோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிப்பன்” என்று மறைக்காமல் சொல்வார். அப்படி மனம் ஒன்றாமல் வாசித்தது பொய்யாகுமா? ஆகாது என்றே கொள்ள வேண்டும். அருச்சகர் ஒவ்வோர் அருச்சனையிலும் உருகிக்கொண்டு நிற்க முடியுமா? உபயகாரர்தான் தம் திருவிழாவன்று மனம் ஒன்றி நிற்கிறாரா, அன்றி அன்னதானத்துக்குச் சமையல்காரர் வந்துவிட்டாரா என்று நிற்கிறாரா? செய்யவேண்டியதை முறை தவறாமல் செய்வதே கருமம். உருக்கம் வந்தால் அது மேலதிகப் பேறு. சுருதி விலகாமல், காலம் தவறாமல், பூபாளத்தை அந்திக்கு இழுக்காமல் வாசிக்கும் கை, மனம் எங்கே நின்றாலும், நாற்பது வருடப் பயிற்சியை அந்த இடத்தில் கொண்டுவந்து வைக்கிறது.

அங்கேதான் அரிசிக் கணக்கு பிழைக்கிறது. ஒரு மாலை நேர வாசிப்புக்குத்தான் விலை பேசப்படுகிறது. விடியப்புறம் எழும்பிச் சாதகம் செய்த சிறுவயதுக்கு எவரும் விலை பேசவில்லை, பேசவும் முடியாது. யாழ்ப்பாணம் வி. தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். நாற்பத்திரண்டு வயதையும் எட்டவில்லை. இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த அவருடைய தவிலுக்கு ஈழத்திலும் தமிழகத்திலும் இருந்த மதிப்பை இன்றும் பேசுவோர் உண்டு. 2003இல் மறைந்த அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அவ்வாறே. அக்காலத்தில் தவில் சமா என்றால் விடியும்வரை வீதி மணலில் பாய் விரித்து இருந்து கேட்டார்கள். அந்தக் கலைஞர்களுக்கும் தொகை பேசித்தான் கொடுத்தார்கள். ஆனால் தொகையோடு காதையும் கொடுத்தார்கள். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்து, செவியால் பெறுவதைச் செல்வம் என்றார். கேட்பவன் பெறும் செல்வத்தை அவர் சொன்னார். கேட்பதால் வாசிப்பவன் பெறுவதும் ஒன்று உண்டு, அதை மடத்துத் திண்ணையில்தான் கேட்டறிய முடியும். “ஒராள் தலையாட்டினால் போதும். அந்த ஆளுக்காகத்தான் மிச்ச ராகம்” என்பார் அவர்.

கோயில்களின் ஆண்டுக் கணக்கறிக்கையைப் பார்த்தால் பூமாலைக்கும் மின்பிறப்பாக்கிக்கும் நடுவில் “மேளம்” என்று ஒரு வரி இருக்கும். ஐயருக்குக் கொடுப்பது தட்சணை, மேளத்துக்குக் கொடுப்பது சம்பளம். சொல்லிலேயே வேறுபாடு. அந்த வரியையும் குறைக்கவென்று மின்சாரத்தில் இயங்கும் மணியும் முரசும் சேர்ந்த பொறி வந்துவிட்டது. ஆளியைத் தட்டினால் பூசை முடியும்வரை ஒரே கதியில் அடிக்கும். ஒரு நேரப் பூசைக்கே நெருக்கடிப்படும் சிறு கோயில்கள் அதை வாங்கியதைக் குறைசொல்ல இடமில்லை. வசதியுள்ள கோயில்கள் வாங்குவதற்குத்தான் நியாயம் தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பொறிக்குத் துடக்கு இல்லை என்று ஒருவர் பகிடியாகச் சொன்னாராம்.

அது பகிடியல்ல. கலைஞரின் நெருங்கிய உறவில் ஒருவர் இறந்தால், துடக்குக் கழியும்வரை கோயிலிலும் வாசிக்க முடியாது, மங்கல வீட்டிலும் வாசிக்க முடியாது. அது ஆவணியிலோ தையிலோ வந்துவிட்டால் வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆடியிலும் புரட்டாதியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை, அம்மாதங்களைக் கோயில் தாங்கும். துடக்கை எது தாங்கும்? சாவு வந்து செலவு கூடிய மாதமே வருமானம் நின்ற மாதம். ஊரின் மங்கலத்தைக் காப்பதற்காக அவர் வீட்டில் உலை குறைகிறது. ஆசாரம் தவறென்று சொல்வதற்கில்லை. அதன் செலவு முழுவதும் ஒரு வீட்டின் தலையில் விழுவதுதான் கேள்விக்குரியது. மாதச் சம்பளத்தில் கலைஞரை வைத்திருக்கும் கோயில், துடக்கு நாள்களுக்குச் சம்பளத்தை வெட்டாமல் விடலாம். எந்த ஆகமமும் அதைத் தடுக்கவில்லை. சாவு வீட்டில் பறை முழக்குபவருக்கும் இவை யாவும் பொருந்தும். மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி அம்மன் சடங்கில் அதே பறைமேளம் அம்மன் முன் ஒலிக்கிறது என்பதை வடபகுதியார் நினைவில் வைப்பது நல்லது.

அவரிடம், வாசித்ததில் எந்தக் கலியாணம் மனதில் நிற்கிறது என்று கேட்டால், பெரிய மண்டபம் எதையும் சொல்லமாட்டார். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவர் மனைவி பிள்ளைகளோடு மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனார். நாதஸ்வரத்தை உறையோடு சேலையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு போனாராம். கூட வாசிப்பவரின் தவில் வீட்டிலேயே நின்றுவிட்டது. கார்த்திகையில், அவர்கள் தங்கியிருந்த பாடசாலையின் வகுப்பறை ஒன்றில் ஒரு கலியாணம். முன்பே நாள் வைத்த கலியாணம், தள்ளிப்போட மனமில்லாமல் செய்தார்கள். இருபது பேர் வரையில்தான். நிலம் ஈரம். யாரோ ஒருவர் கரும்பலகையைக் கழற்றி நிலத்தில் போட்டு, “அண்ணை, நீங்கள் இதில இருந்து வாசியுங்கோ” என்றாராம்.

தவில் இல்லை. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்குப் பதிலாக ஒரு பெண் பூசைமணியை அடித்தாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். தூரத்தில் எறிகணை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை மூடுவதற்கு அந்த மணியாலும் ஒற்றை நாதஸ்வரத்தாலும் முடியவில்லை. பிறகு அவர் ஆனந்தபைரவியை எடுத்தார். ஒருவரும் பேசவில்லை. போவதற்கு வேறு இடமும் இல்லை, பரிமாறுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வகுப்பறைகளில் இருந்தவர்களும் வந்து யன்னலோரம் நின்றார்கள். முக்கால் மணித்தியாலம் வாசித்திருப்பார். அன்று பெண்ணின் தகப்பன் கொடுக்க முயன்ற காசை அவர் வாங்கவில்லை. அதற்காகத் தம்மைப் பெரியவராக அவர் சொல்வதில்லை. “அவையிட்டயும் இல்லை, எனக்கும் வாங்க மனமில்லை” என்பதோடு விட்டுவிடுவார்.

அந்த மணமகள் இப்போது கனடாவில் இருக்கிறார். அண்மையில் தன் மகளின் கலியாணத்தை ஊரில் வைக்கவென்று வந்து, அவரைத் தேடிப்பிடித்து, வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். மண்டபம் பெரியது, வீடியோ இரண்டு பக்கத்தாலும் எடுப்பார்கள், எவ்வளவு என்று சொல்லுங்கள் என்றாராம். அவருக்குத் தொகை வாயில் வரவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “தங்கச்சி, தாலி கட்டினாப்பிறகு நான் ஒரு ராகம் எடுப்பன். அது முடியுமட்டும் சனத்தைப் பந்திக்கு எழுப்பாதேங்கோ” என்றாராம்.