கண்டதைச் சொல்லும், காட்டாது!

காண்பது கண், தேர்வது மூளை. இரண்டையும் ஒரே சில்லுக்குள் அடக்கிவிட்டது இன்றைய அறிவியல். 2020-ஆம் ஆண்டு மே திங்களில் ஜப்பானின் சோனி நிறுவனம் அறிவித்த ஐ.எம்.எக்ஸ் 500 எனும் பட உணரி அத்தகையது. ஒளியை வாங்கும் அடுக்கு மேலே. கணக்கிடும் அடுக்கு கீழே. ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் புள்ளிகளில் காட்சியை வாங்கி, படத்தை வெளியே விடாமல், "ஆள் ஒருவர், இன்ன இடத்தில்" என்ற குறிப்பை மட்டும் அனுப்பவும் அதனால் இயலும்.

பின்னலாடைத் தொழிலில் காமிரா நிறுத்தி ஓட்டையையும் ஊசிக்கோட்டையும் எண்ணெய்க் கறையையும் பிடிக்கும் முறை வந்துவிட்டது. விளக்கின்முன் நாள் முழுதும் நின்று செக்கிங் செய்து கண் பூத்துப்போகும் நம் தங்கையரை எண்ணினால், இதனை வரவேற்காதிருக்க முடியுமா? எந்திரத்துக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டிக் கண்ணேறு கழிக்கும் நாட்டில், எந்திரத்துக்கே கண் வருவது நல்ல மறுமொழிதான்!

ஆனால், எதைக் காண்பது, எதை விடுவது என்ற பட்டியலை எழுதுவது யார்? சில்லு அன்று, மனிதன். பனியன் துணியில் கடுகளவு கறை கண்டாலும் ஒதுக்கத் தெரிந்த திருப்பூர், நொய்யலில் ஓடிய சாயத்தை ஆண்டுக்கணக்கில் காணவில்லை. ஒரத்துப்பாளையத்து உழவன் கண்டான், கதறினான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும்வரை நீண்டது அந்தப் பாராமுகம். பார்வைக் குறைவா? இல்லை, ஆற்றின் கறை பட்டியலில் இல்லை!

நிறம் பார்க்காது எந்திரம் என்று நம்மை ஏய்க்கவும் வேண்டாம். 2018-இல் ஜாய் பூலம்வினி, டிம்னிட் கெப்ரு எனும் இரு பெண் ஆய்வாளர்கள், முகம் பார்த்து ஆணா பெண்ணா எனச் சொல்லும் வணிக மென்பொருள்களை ஆய்ந்தனர். வெளிர்நிற ஆடவரிடத்தில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்டிரிடத்தில் 34.7 வரை போயிற்று.

படம் வெளியே போகாதது நன்மை என்பர். உண்மை; பெண்களின் உருவத்தைச் சேர்த்துவைத்துப் பார்க்கும் மேற்பார்வையாளனிடமிருந்து அது காக்கும். அதே சில்லு, "பவர் டேபிளில் பத்து நிமிடம் ஆள் இல்லை" என்று சொன்னால்? கூலி வெட்டப்பட்டவள் எதைக் காட்டி மறுப்பாள்? கண்டது யார் என்றால் அசரீரியைச் சுட்டுவார்கள்! சான்று கேட்டே வேதவாக்கை மறுத்த நாம், சிலிக்கான் வாக்கைக் கைகட்டி ஏற்பதா?

துணியில் சில்லு தவறினால், உருளையை விரித்து மறுபடி பார்க்கலாம். ஓட்டை அங்கேயே இருக்கும். அவள் இருக்கையில் இருந்த பத்து நிமிடத்தை விரித்துக் காட்டுவது எப்படி? ஆகவே, துணியை அது பார்க்கட்டும். ஆளைப் பார்த்துக் கூலியைக் குறைப்பதானால், மறுக்கும் உரிமையும், மறுப்பைக் கேட்டுச் சரிபார்க்க ஒரு மனிதனும் இருந்தாக வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்கு இதையும் ஒரு கோரிக்கையாக எழுதிக்கொண்டு போகட்டும்.