பூட்டியவர்கள் வந்தால்தான்

அப்பாவின் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க்கை நான்தான் கெடுத்தேன். லினக்ஸை மறுபடி நிறுவும்போது தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சில நொடிகளில் நிறுத்தியும் பயனில்லை. "பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குங்கிறே, அப்புறம் திறக்கிறதுக்கு என்னடா?" என்று தஞ்சாவூரிலிருந்து அம்மா கேட்டாள்.

லினக்ஸின் லக்ஸ் முறையில் நாம் தட்டும் கடவுச்சொல் தரவைப் பூட்டுவதில்லை. பூட்டுவது, கணினியே உருவாக்கும், யாரும் ஊகிக்க முடியாத இன்னொரு சாவி. அது டிஸ்க்கின் தொடக்கத்தில், ஹெடர் என்ற சிறு பகுதியில் மூடி வைக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் திறப்பது அந்தப் பெட்டியை மட்டும். சில மெகாபைட் ஹெடர் அழிந்தால் மிச்சமெல்லாம் வெறும் இரைச்சல். அதை நகலெடுக்க ஒரு வரிக் கட்டளை போதும். நான் எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இது பழைய கதை. தேவார ஏடுகள் சிதம்பரத்தில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தில்லை அந்தணர்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். மூவரும் என்றோ மறைந்துவிட்டவர்கள். சோழ மன்னன் (ராஜராஜன் என்பது வழக்கு) அவர்களுடைய திருவுருவங்களைக் கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது. பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது.

சிறுவயதில் மன்னனின் சாதுரியம்தான் பிடித்திருந்தது. இப்போது கரையான்தான் கண்ணில் படுகிறது. பூட்டு கடைசிவரை தன் வேலையைச் சரியாகச் செய்தது. கரையானுக்குச் சாவி தேவைப்படவில்லை.

அதே ராஜராஜன் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களை நியமித்தான். ஆளுக்குத் தினமும் முக்குறுணி நெல். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் பாடவேண்டும். அவருக்குத் தகுதியில்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைப் பாடவைக்கவேண்டும் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. காவலனும் ஒருநாள் சாவான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

பகிர்வதிலும் ஆபத்து உண்டு. ஹெடரின் பழைய நகலில் பழைய கடவுச்சொல் உயிரோடிருக்கும். நாளை நான் மாற்றினாலும், அவை இரண்டும் கையிலிருப்பவர் டிஸ்க்கைத் திறந்துவிடலாம். நம்பிக் கொடுத்ததை முழுக்கத் திரும்ப வாங்க முடியாது. அதனால் என் நாட்குறிப்பு என்னோடு அழியட்டும் என்று நான் முடிவெடுக்கலாம். அப்பாவின் குரல் அப்படியா? அது அம்மாவுக்கும் தங்கைக்கும் உரியது. அதற்கு என்னை ஒற்றைக் காவலனாக நானே நியமித்துக்கொண்டதைத்தான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

தங்கையின் போனில் நாற்பது நிமிடம் மிஞ்சியிருந்தது. அதைப் புது டிஸ்க்கில் ஏற்றினேன். லக்ஸில் ஒரே டிஸ்க்குக்குப் பல கடவுச்சொற்கள் வைக்கலாம். இரண்டாவதைத் தங்கையே தட்டினாள். ஹெடரின் நகலை ஒரு பென் டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். நிலப் பத்திரங்களோடு பீரோவில் வைத்தாள்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவகிட்ட குடும்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு ஆச்சுன்னா? பீரோ சாவி எங்க வெக்கிறேன்னு அவளுக்குத் தெரியாதே."