பிட்டுக் கொடுத்த சொல்

தோழமைக்கு ஐரோப்பா வைத்த பெயர்களில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ரொட்டி இருக்கும்.

லத்தீனில் 'கொம்' என்றால் சேர்ந்து. 'பானிஸ்' என்றால் ரொட்டி. இரண்டும் கூடி 'கொம்பானியோ' ஆயிற்று. ஒரே ரொட்டியைச் சேர்ந்து உண்பவர் என்று பொருள். அவர் எந்தக் குலம் என்று அந்தச் சொல் கேட்கவில்லை. என்ன படித்தார் என்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டது.

அந்த ரொட்டியையும் பார்த்துவிடுங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொம்பெய் நகரைப் புதைத்தது. அன்று அடுப்பிலேயே கரிந்துபோன ரொட்டிகள் இன்றும் இருக்கின்றன. வட்ட வடிவம். நடுவிலிருந்து விளிம்பு வரை ஆழமான கீறல்கள். பிட்டால் எட்டுத் துண்டாக வரும். மாவாக இருக்கும்போதே கீறிவிட்டிருக்கிறார்கள். வேகும் முன்பே பங்கு பிரித்த கை அது.

வடக்கே, ஜெர்மானியக் குடியினரான கோத்தியரின் மொழியிலும், ரொட்டியில் கூடுபவனே தோழன் என்ற இதே எண்ணம் இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா பைபிளை அந்த மொழிக்குக் கொண்டுவந்தார். அதில் தோழனுக்கு 'கஹ்லைபா' என்ற சொல் வருகிறது. அதுவும் ரொட்டியில் கூடியவன்தான். அதைப் பார்த்துத்தான் லத்தீன் தன் சொல்லைச் செய்துகொண்டது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

பிறகு அந்தச் சொல் வீடு வீடாகப் போனது. பிரெஞ்சுப் பிள்ளை தன் சிநேகிதனை 'கொப்பேன்' என்கிறது. இத்தாலியில் வகுப்புத் தோழன் 'கொம்பாஞ்ஞோ'. ஸ்பெயினில் கூட வேலை செய்பவர் 'கொம்பஞ்ஞேரோ'. ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களில், பூமிக்கு அடியில் தோளோடு தோள் நின்றவன் 'கும்பெல்'. ஆங்கிலத்தில் 'கம்பேனியன்'. உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறியது. ரொட்டி மாறவில்லை.

அதே ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் ரொட்டியிலிருந்து பிறந்தது. 'லார்ட்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ரொட்டியைக் காப்பவர் என்று பொருள். 'லேடி' என்றால் ரொட்டிக்கு மாவு பிசைபவர். இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொட்டியைக் காத்தவர் எசமான் ஆனார். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தவர் தோழர் ஆனார். ரொட்டி ஒன்றுதான். கை மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பதில்தான் எல்லாம் இருந்தது.

கொம்பானியோவில் பிறந்த 'கம்பெனி' என்ற சொல் நம்மிடமும் வந்தது. 1600இல் லண்டன் வணிகர்கள் கூடித் தொடங்கிய கம்பெனியை நம் முன்னோர் 'கும்பினி' என்றார்கள். சேர்ந்து உண்பவர் என்று பிறந்த சொல், இங்கே வந்து கிஸ்தி கேட்டது. பெயரில் ரொட்டி இருந்தது. பந்தியில் நமக்கு இலை இல்லை. ஒரு சொல் தன் பொருளை எவ்வளவு தூரம் மறக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தச் சொல்லின் மறுபாதியான ரொட்டி இலங்கையில் பத்திரமாக இருக்கிறது. அங்கே தமிழர் காலையில் கடைக்குப் போய் 'பாண்' வாங்குகிறார்கள். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல் அது. அதே பழைய 'பானிஸ்'. கும்பினி போய்விட்டது. பாண் இன்னும் சுடச்சுட வருகிறது.

இன்று நீங்களும் ஒரு கம்பெனிக்குத்தான் கிளம்பியிருப்பீர்கள். சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். மதியம் ஆனதும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். கம்பெனி இருக்கும், கொம்பானியோ இருக்க மாட்டார்.

அவரை நீங்களே உண்டாக்கலாம். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். மனசு ஒத்துப்போகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். டிபன் பாக்ஸ் மூடியை மல்லாத்தி வையுங்கள். அதில் இரண்டு கரண்டி தக்காளி சாதம், ஓரத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல். போன வாரம் புதிதாய்ச் சேர்ந்தவர், இன்னும் பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர், அவர் பக்கம் நகர்த்துங்கள்.

முதலில் வேண்டாம் என்பார். இன்னொரு தடவை சொல்லுங்கள். பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.